செசோன்: வவுச்சர் இல்லாத ஒரு அறுவடைக் கதை

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடித்ததைப் பற்றிய பதிவு. வீட்டுக்காரம்மா படித்துப் பார்த்து, இரண்டு வரியை அடித்துவிட்டு, அனுமதி கொடுத்த பிறகே ஏற்றுகிறேன் :-)

2018 செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் போயிருந்தேன். மும்பையில் வைர வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆன்ட்வெர்ப் என்பது காசி மாதிரி. ஒரு தடவையாவது போய்விட்டு வர வேண்டும். அங்கே நாலு வருஷமாக இருந்த சீனியர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், நான் ஹோட்டல் அறையில் பிரெட்டைத் தின்று காலம் தள்ளுவதைக் கேள்விப்பட்டு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பாட்டுக்கு முன்னால் ஷாம்பேன் பாட்டில் மாதிரி தக்கை வைத்த பச்சை பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"கிங்ஃபிஷர் குடிச்ச நாக்குதானவே உமக்கு? இதக் குடிச்சுப் பாரும். வயக்காட்டு பீர். அந்தக் காலத்துல அறுப்புக்கு வந்த ஆளுகளுக்கு மொதலாளி சும்மா கொடுத்தது."

பாட்டில் மேல் 'செசோன் டுபோன்' என்று போட்டிருந்தது. எனக்கு பீரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சில்லென்று இருக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆனால் 'சும்மா கொடுத்தது' என்ற வார்த்தை காதில் மாட்டிக்கொண்டது. இருபது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு, யாராவது யாருக்காவது சும்மா கொடுத்தார்கள் என்று சொன்னால் உடனே வவுச்சர் எங்கே என்று கேட்கத் தோன்றும். தொழில் வியாதி. அந்த வியாதி மூன்று வாரமும் தீரவில்லை. ஊருக்கு வந்தும் தீரவில்லை. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அதன் பலன் இந்தப் பதிவு.

* * *

முதலில் எல்லோரும் சொல்லும் கதை.

செசோன் என்றால் பிரெஞ்சில் 'பருவம்'. பெல்ஜியத்தின் தெற்குப் பாதி வாலோனியா, பிரெஞ்சு பேசும் பகுதி. அதில் பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஹெய்னோ என்றொரு மாகாணம். அங்கே பெரிய பண்ணைகளில் குளிர்காலத்தில் வயல் வேலை இருக்காது. சொந்த பார்லியைக் கொண்டு அப்போது பீர் காய்ச்சி வைப்பார்கள். கோடையில் அறுவடைக்கு ஆட்கள் வரும்போது அந்த பீர் அவர்கள் தாகத்துக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வரை என்றுகூடச் சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள். அன்றைய பீரில் ஆல்கஹால் இப்போதைக்குப் பாதிதான் இருந்திருக்கும், 3 சதவீதம் 3.5 சதவீதம் போல.

இந்தக் கதையில் ஒரு பகுதி கெட்டியானது. ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால் கோடையில் பீர் காய்ச்சினால் கெட்டுப்போகும். காற்றில் இருக்கும் கிருமிகளுக்கு வெயில் காலம் திருவிழா. இது பெல்ஜியத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. ஜெர்மனியில் பவேரியா டியூக் 1553ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று உத்தரவு போட்டார். ஏன் கெடுகிறது என்பதை பாஸ்டர் விளக்கி, பீரைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டது 1876ல். அதே 1870களில் கார்ல் வான் லிண்டே குளிர்பதன இயந்திரம் செய்து, அதை முதலில் வாங்கியவர்களில் பீர் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு மாசமும் பீர் என்பது சாத்தியமானது. ஆக, குளிரில் காய்ச்சிக் கோடைக்கு வைத்துக்கொள்வது என்பதற்கு வவுச்சர் இருக்கிறது. டிக் போட்டாயிற்று.

அடுத்த என்ட்ரி: இது பண்ணையில் பிறந்த பீர், கூலியாட்களுக்காகவே பிறந்த பீர். இங்கேதான் லெட்ஜர் டாலி ஆக மறுக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அச்சான எழுத்துகளில் செசோன் என்ற பேர் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது ஹெய்னோ பண்ணைகளோடு அல்ல, கிழக்கே இருக்கும் லியேஜ் என்ற பெரிய நகரத்தோடு. அங்கே காசுக்கு விற்கும் நகரத்து பீர்க்காரர்கள், பார்லியோடு ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகையையும் சேர்த்துக் காய்ச்சி, சில மாதம் வைத்திருந்து விற்ற பீருக்கு அந்தப் பேர். பருவத்தில் காய்ச்சியது, எனவே பருவ பீர். அவ்வளவுதான். பேரில் வயலும் இல்லை, அறுவடையும் இல்லை.

பிறகு இந்த வயக்காட்டுக் கதை உலகம் முழுக்கப் போனது எப்படி? அதில் பெரிய பங்கு மைக்கேல் ஜாக்சனுக்கு. நிலவில் நடந்தவர் இல்லை, இவர் வேறு :-) பீர் பற்றி மட்டுமே எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர், 2007ல் இறந்தார். 1977ல் வந்த அவருடைய உலக பீர் கையேட்டையும் அதற்குப் பின் அவர் எழுதியவற்றையும் படித்துத்தான் அமெரிக்காக்காரர்கள் பெல்ஜிய பீர் என்ற ஒன்று இருப்பதையே தெரிந்துகொண்டார்கள். 2004ல் அமெரிக்காவில் ஃபில் மார்கோவ்ஸ்கி பண்ணை பீர்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் போட்டார். அதில் ப்ரஸ்ஸல்ஸ்காரரான இவான் டி பேட்ஸ் செசோன் வரலாறு பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். பழைய செசோன் இப்போது கிடைப்பது போல இருந்திருக்காது, மாதக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடந்து காட்டு ஈஸ்ட் ஏறிப் புளிப்பும் கசப்புமாக இருந்திருக்கும் என்பது அவர் சொல்வதன் சாரம். நம்மூர்ப் பழையது மூன்றாம் நாள் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அந்தத் திசையில்.

கதை முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பண்ணைகளில் பீர் காய்ச்சினார்கள், ஆட்கள் குடித்தார்கள். ஆனால் பண்ணை பீர் என்றால் விவசாயி தன் வீட்டுக்குத் தானே காய்ச்சிக்கொண்டது என்று நாம் நினைக்கிறோம். அந்த அர்த்தத்தில் பண்ணை பீர் வேண்டுமானால் நார்வே போக வேண்டும். அங்கே மேற்கு மலைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் 'க்வெய்க்' என்ற ஈஸ்ட் உண்டு, உறை மோர் மாதிரி. 35, 40 டிகிரி சூட்டில்கூட அசராமல் நொதிக்கும். பின்லாந்தில் 'சாத்தி' என்று ஒன்று, ஜூனிப்பர் கிளை வழியாக வடிகட்டுவது. ஐரோப்பிய யூனியன் 2002ல் அதற்குப் பாரம்பரியத் தயாரிப்பு என்ற பாதுகாப்புக் கொடுத்தது. ஹெய்னோவில் இருந்தது வேறு. நிலமும் வைத்துக்கொண்டு, கூடவே பீர் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்கும் தொழில். நம் வங்கி பாஷையில் சொன்னால், விவசாயக் கடனும் சிறுதொழில் கடனும் ஒரே பேரில் வாங்கியவர்கள்.

* * *

அடுத்த சனிக்கிழமை சார் என்னை ரயிலேற்றிக் கூட்டிப் போனார். ப்ரஸ்ஸல்ஸில் மாறி, டூர்னே போகும் வண்டியில் லெஸ் என்ற ஊரில் இறங்க வேண்டும். அங்கிருந்து சில மைலில் டூர்ப் என்ற கிராமம். தட்டையான நிலம். அறுத்து முடித்த கோதுமைத் தாள், அந்தப் பக்கம் சர்க்கரைக் கிழங்கு, நடுவில் செங்கல் வீடுகள். மலை இல்லாத நிலத்தைப் பார்த்தால் தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு வரும் நிம்மதி எனக்கும் வந்தது.

டுபோன் பீர்ச்சாலை அங்கேதான். அந்தப் பண்ணையில் 1844ல் இருந்து பீர் காய்ச்சுகிறார்கள். அப்போது வேறு குடும்பத்தின் கையில் இருந்தது. டுபோன் என்ற பேர் வந்தது 1920ல், அந்தக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. லூயி டுபோன் விவசாயம் படித்த இளைஞர். கனடா போய்ப் பண்ணை வாங்கிப் பிழைக்கலாம் என்று கிளம்பப் பார்த்தார். மகன் கடல் கடந்து போவதைத் தடுக்க அப்பா ஆல்ஃபிரட் இந்தப் பண்ணையையும் பீர்ச்சாலையையும் வாங்கிப் போட்டார். மகன் தங்கிவிட்டார். வேலைக்காக வடக்கே போகிறேன் என்று நான் சொன்ன அன்று என் அப்பாவும் ஏதாவது பீர்ச்சாலை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவரால் முடிந்தது தாம்பரம் வரை வந்து வழியனுப்பியது.

திரும்பி வரும் வழியில் நாலு பாட்டில் சேர்த்தோம். அன்று ராத்திரி சார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், நான் ஒரு தாளில் கோடு போட்டு, நிறம், வாசனை, ருசி, முடிவு என்று நாலு காலம் பிரித்துக்கொண்டேன். (சார் சிரித்தார். "இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டாவே?")

முதலில் செசோன் டுபோன், 6.5 சதவீதம். லேசாக மங்கிய வைக்கோல் நிறம். நுரை பால் பொங்குவது போல எழுந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. எலுமிச்சைத் தோல், பச்சை வைக்கோல், கொஞ்சம் மிளகு. ஆனால் அதில் மிளகு போடுவதில்லை! அந்தக் காரம் ஈஸ்ட் கொடுப்பது. விழுங்கினால் நாக்கில் இனிப்பே மிஞ்சாமல் காய்ந்து முடிகிறது. இதற்கும் காரணம் உண்டு. செசோன் ஈஸ்ட்களில் பலவற்றுக்கு, மற்ற பீர் ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் பெரிய சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைத்துத் தின்னும் மரபணு இருக்கிறது. தட்டில் ஒரு பருக்கை விடாத ஆசாமிகள். தவிர, மற்ற பீர்க்காரர்கள் பயப்படும் 30 டிகிரிக்கு மேலான சூட்டில் நொதிக்க விடுகிறார்கள்.

இரண்டாவது, பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ப்ளோஜி என்ற ஊரில் 1988ல் இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள், கணவனும் மனைவியும், ஆரம்பித்த பீர்ச்சாலையின் ஸ்பெல்ட் செசோன். 6 சதவீதம். டுபோனைவிட மெலிசு, லேசான புளிப்பு, தானிய வாசனை தூக்கல். புதிதாகச் செய்தது என்றாலும், அந்த லியேஜ் நகரத்துப் பழைய ஸ்பெல்ட் பழக்கத்துக்கு இதுதான் நெருக்கம்.

மூன்றாவது செசோன் டி பிப்பே. டூர்ப்புக்குப் பக்கத்துக் கிராமமே பிப்பே. அங்கே 1785ல் ஆரம்பித்த பீர்ச்சாலையை 1984ல் ஒருவர் (இவரும் வாத்தியாராக இருந்தவர்! பெல்ஜியத்தில் வாத்தியார்கள் எல்லாம் என்னதான் செய்கிறார்களோ) வாங்கி, பழைய நீராவி எந்திரத்தை வைத்தே ஓட்ட ஆரம்பித்தார். இதில் நிஜமாகவே மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போடுகிறார்கள். தாமிர நிறம். எனக்குப் பானகம் ஞாபகம் வந்தது. சாருக்கு சுக்குக் காப்பி.

நாலாவது எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன், ஜென்லேன், 7.5 சதவீதம். அவர்கள் இந்த வகையை 'பியேர் டி கார்ட்' என்பார்கள், எடுத்து வைக்கும் பீர் என்று பொருள். அதே குளிர்கால வழக்கம்தான், அதே சமவெளிதான். ஆனால் குளிர்ச்சியில் ஊறவிட்டு, மால்ட் இனிப்பைத் தூக்கி, வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். வறுத்த சர்க்கரை வாசனை. வெயிலில் அறுப்பு அறுத்துவிட்டு வருபவனுக்கு இதைக் கொடுத்தால் வரப்பிலேயே தூங்கிவிடுவான்.

தாளின் அடியில் என் முடிவை எழுதினேன்: தாகத்துக்கு என்றால் இரண்டாவது, ருசிக்கு என்றால் முதலாவது. நாலில் ஒன்றுகூடப் பழைய கூலியாள் குடித்த பீர் அல்ல. அந்த ஆள் நாள் முழுக்கக் குடித்தது இதில் பாதி வீரியம்தான். இப்படி ஏறியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று 1919 சட்டம். மதுக்கடைகளில் சாராய வகைகளை ஊற்றிக் கொடுக்கக் கூடாது என்று பெல்ஜியம் தடை போட்டது. வேகம் கேட்ட நாக்குகளுக்கு பீர்க்காரர்கள் பீரிலேயே வேகம் ஏற்றினார்கள்.

* * *

இந்த பீர் பிழைத்ததும் பெரிய கதை. 1900 வாக்கில் அந்தக் குட்டி நாட்டில் மூவாயிரத்துக்கும் மேல் பீர்ச்சாலைகள் இருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் தாமிர அண்டாக்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு பளபளவென்ற பில்ஸ் பீர் எல்லா ஊரையும் பிடித்தது. 1990 வாக்கில் மிஞ்சியவை 150க்கும் கீழே. டுபோனிலேயே செசோன் விற்பனையில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியிருந்தது, மற்ற பீர்கள்தான் வீட்டை நடத்தின. 1980களில் அமெரிக்க இறக்குமதியாளர்கள் வந்து அதைத்தான் கேட்டார்கள். 2005ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை செசோன் டுபோனை உலகத்தின் மிகச் சிறந்த பீர் என்றே எழுதியது. 2016ல் பெல்ஜிய பீர்க் கலாசாரம் மொத்தமும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அதாவது, அந்த வயக்காட்டுக் கதைதான் பீரைக் காப்பாற்றியது. வவுச்சர் சரியில்லை என்றாலும் பலன் நல்ல பலன். இதோடு ஃபைலை மூடியிருப்பேன். 'சும்மா' மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

வயலில் ஊற்றிக் கொடுக்கப்பட்ட பானம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது? இங்கிலாந்தில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. அங்கே மேற்கு மாவட்டங்களில் பண்ணையாட்களுக்கு ஆப்பிள் மதுவைக் கூலியின் ஒரு பகுதியாகவே கொடுப்பது வழக்கம். 1887ல் சட்டத் திருத்தம் வந்தது: பண்ணையாளுக்குக் காசோடு சேர்த்துச் சாப்பாடு கொடுக்கலாம், குடிசை கொடுக்கலாம், பானமும் கொடுக்கலாம், ஆனால் போதை தரும் பானத்தைக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. அதே 1887ல் பெல்ஜியமும் ஒரு கூலிச் சட்டம் போட்டது. அதற்கு முந்தைய வருஷம் லியேஜிலும் ஹெய்னோவிலும் தொழிலாளர் கலவரம் நடந்து, ராணுவம் சுட்டு, ஆட்கள் செத்திருந்தார்கள். கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும், மதுக்கடையில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்றது சட்டம். கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால்தானே கூடாது என்று எழுத வேண்டி வந்தது?

அந்த 'பருவத்து ஆட்கள்' யார் என்றும் பார்த்தேன். பெல்ஜியத்தின் வடக்குப் பாதியான ஃப்ளாண்டர்ஸில் அன்று நிலம் துண்டு துண்டு, வறுமை. அங்கிருந்து பத்தாயிரக்கணக்கில் ஆண்கள் வருஷா வருஷம் வடக்குப் பிரான்ஸுக்குக் கிழங்கு வேலைக்கும் அறுப்புக்கும் போனார்கள். ஊரில் அவர்களுக்குப் பேரே 'பிரான்ஸ்காரர்கள்'. பாஷை தெரியாத இடத்தில், கொட்டகையில் படுத்து, பேசிய கூலிக்கு உழைத்து, சீசன் முடிந்து ஊர் திரும்பியவர்கள். செசோன் என்ற வார்த்தை அவர்களுக்கு பீரின் பேராக இருந்திருக்காது. ஊரில் இல்லாத மாதங்களின் பேராக இருந்திருக்கும்.

இதை எழுதும்போது மறைக்க முடியாத ஒன்று. 2011ல் ஊர் வீட்டை விற்கும்போது பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு: அறுப்புக்கு வரும் ஆட்களுக்குத் தாத்தா கஞ்சியும் மோரும் வயிறு நிறையச் சும்மா ஊற்றுவார், அப்படி ஒரு தாராளம். சின்ன வயசிலிருந்து கேட்டுப் பெருமைப்பட்ட கதை. நோட்டில் அழகான கையெழுத்தில் இருந்தது: 'அறுப்பு ஆள் 14. கஞ்சி, மோர் வகையில் கழிவு, நெல் 2 மரக்கால்.' ஒரு நாள் இல்லை. ஒவ்வொரு அறுப்பிலும்.

தாத்தா பொய் சொன்னவர் இல்லை. அவர் சரியாக எழுதித்தான் வைத்தார். நரேஷனை மாற்றியது நாங்கள், பேரப்பிள்ளைகள். ஊற்றியவன் வீட்டுப் பிள்ளைகள் கதை சொல்வார்கள். குடித்தவன் வீட்டில் நோட்டும் இல்லை, பரணும் இல்லை.

இப்போது மும்பையிலும் புனேயிலும் சொந்தமாக பீர் காய்ச்சும் கடைகளின் பலகையில் சில சமயம் செசோன் எட்டிப் பார்க்கிறது. போன மாசம் ஒரு கடையில் கோதுமைக் கதிரும் அரிவாளும் வரைந்து எழுதிப்போட்டிருந்தார்கள். ஒன்று வாங்கினேன். சுமாராக இருந்தது, கொஞ்சம் இனிப்பு அதிகம். சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் ரிட்டையர் ஆகிப் பாளையங்கோட்டையில் இருக்கிறார்.

"என்னவே, சும்மா கொடுத்தானா?" என்று பதில் வந்தது.

இல்லை சார். வரியோடு சேர்த்து வாங்கினான். பில் இருக்கிறது.